திருவல்லிக்கேணி ரூம்மேட்டுக்கு

மாப்ள,

நேற்று உன் தங்கை போன் பண்ணினாள். பேங்க் ஆபீசர் வேலைக்கான பி.ஓ. பரீட்சையில் மெயின்ஸ் தேறிவிட்டாளாம், அடுத்தது இண்டர்வியூ. "உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு அண்ணன் சொல்லிருச்சு. நான்தான் கேக்குறேன்" என்றாள். இண்டர்வியூவுக்குத் தயார் பண்ணிவிடச் சரி என்று சொல்லிவிட்டேன். முதலில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்தான். நீ என் போனை எடுத்தால்தானே?

உன் பதிலைத் திருடித்தான் வேலை வாங்கினேன் என்று நீ ஊரில் சொல்வது என் காதுக்கும் வருகிறது. மேன்ஷன் மொட்டைமாடி, கொடியில் சட்டைகள், நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு. இண்டர்வியூவுக்குப் பழகினோம்: நீ பேனல், நான் கேண்டிடேட். "மெக்கானிக்கல் படிச்சிட்டு பேங்க்குக்கு ஏன் வர்றீங்க?" நான் 'மக்கள் சேவை' என்று ஆரம்பித்ததும் கையிலிருந்த முறுக்கை என்மேல் எறிந்தாய். "டேய், உங்கப்பா பயிர்க்கடனுக்கு பேங்க் வாசல்ல உக்காந்திருந்தாரே, அதைச் சொல்லுடா." கதை என் அப்பாவுடையது, சொல்லச் சொன்னவன் நீ. இதில் யார் எதைத் திருடியது?

அந்தக் கதை நிஜ இண்டர்வியூவில் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. உடனே அதையே பிடித்துக்கொண்டார்கள்: கிஸான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனில் வட்டி எவ்வளவு? 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 கழிந்து 4 என்றேன். அதற்கு மேல் கேட்டதற்கு, "தெரியலை சார்." உன் வாயில் அது மட்டும் வராது. மெயின்ஸில் என்னைவிட அதிகம் வாங்கியவன் நீ. மெயின்ஸுக்கு 80 பங்கு, இண்டர்வியூவுக்கு 20தான். அந்த இருபதில் கோட்டைவிட்டாய். ரிசர்வ் பேங்க் மற்ற பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, அந்த ரெப்போ ரேட்டுக்காகப் பேனலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ரத்னா கஃபேயில் எனக்கு சாம்பார் இட்லி வாங்கிக் கொடுத்து, "சூப்பரா போச்சுடா" என்றாயே! அன்றைக்கு உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ரிசல்ட்டுக்கு அப்புறம் உன் வீட்டில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன், மேன்ஷன் பசங்களும் படிப்பார்கள். டிரெய்னிங்கில் இருந்தேன், லீவு தரவில்லை. வர முடியாததற்கு மன்னித்துக்கொள். நீயும் ஒரு மன்னிப்பு கேட்டால் குறைந்துபோக மாட்டாய்.

அவள் சிக்கல் வேறு. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கிறாள். ஊர், டிகிரி, பயோடேட்டாவில் போட்ட பொழுதுபோக்கு, இதிலிருந்துதானே தோண்டுவார்கள்? செஸ் என்று போட்டிருக்கிறாள். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் ஓப்பன் பிரிவுத் தங்கம் எந்த நாட்டுக்கு என்றேன். இந்தியா என்றாள், கொஞ்சமும் தயங்காமல். உஸ்பெகிஸ்தான்டா! தெரியாததை அடித்துவிடுவதில் அப்படியே உன் ரத்தம்.

ஞாயிறு காலை அவளை வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவளை விரட்டிக் கேள்வி கேட்க வராது, பாவமாக இருக்கிறது. பேனலில் நீதான் உட்கார வேண்டும். வரமாட்டாய் என்றால், அதை அவளிடம் நீயே சொல்லிக்கொள்.