தறிச் சத்தமும் ஒரு விமர்சனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணு நடன இசைக் கலைஞர் ரிகார்டோ வில்லலோபோஸின் ‘அல்காச்சோஃபா’ (2003) இசைத்தொகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். ‘விசைத்தறிக் கூடத்துக்குள் அடைத்து வைத்தது போல ஒரே தடதடப்பு, இதில் இசை எங்கே?’ என்று முடித்திருக்கிறார் விமர்சகர். நான்கு நாட்களாகியும் அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவர் ஒரு தறிக்குடோனுக்குள்ளும் அரைமணி நேரம் நின்றதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கோவைக்குப் பக்கத்தில் சோமனூரில் எட்டு விசைத்தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அப்பா கூலிக்கு நெய்தவர். எட்டும் சேர்ந்து ஓடினால் வெளியாளுக்கு இரைச்சல்தான். அப்பாவோ வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவார். “மூணாவது தறியில நாடா பொட்டிக்குப் போய்ச் சேரல” என்பார். ஊடு நூலை இழுத்துக்கொண்டு தறியின் இரு பக்கமும் ஓடுவதுதான் நாடா. போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒரே அடி ஓயாமல் விழுவதால்தான் அதில் மயிரிழை பிசகினாலும் அவர் காதுக்குத் தெரிந்தது. இன்று அவருக்கு இரண்டு காதும் மந்தம். அதுவும் தறி கொடுத்ததுதான். அந்தச் சத்தத்தின் விலை தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்தத் தொகுப்பின் இசைவகை மினிமல் டெக் ஹவுஸ். ஹவுஸ், டெக்னோ என்ற இரண்டு மின்னணு நடன இசைகளும் கலந்து, குறைந்த ஒலிகளைக் கொண்டே ஓடுவது. அது இந்தக் காதைத்தான் கேட்கிறது. அந்தத் தொகுப்பின் முதல் பாட்டு ‘ஈஸி லீ’ ஏறக்குறைய பத்து நிமிடம். அடி மாறாது. அதன் மேல் இயந்திரத்தில் திரித்த ஒரு குரல் மிதந்து வரும். சின்னத் தட்டொலிகள் ஒவ்வொன்றாக இடம் பெயரும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தியவருக்கு அது எப்படித் தெரியும்? ஹவுஸ் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ஆடிய அரங்குகளில் பிறந்தது, டெக்னோ மோட்டார் தொழிற்சாலைகளின் ஊரான டெட்ராய்ட்டில் பிறந்தது என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. இயந்திரத்தோடு வாழ்ந்த ஊரின் இசையை இகழ, இயந்திரத்தோடு வாழும் இன்னோர் ஊரின் பிழைப்பை எடுத்துக்கொள்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஓசைகள் தங்கள் இதழுக்கு என்றுமே இசையாகப் பட்டதில்லை. மார்கழி வந்தால் சென்னை சபாக்களுக்கு எட்டுப் பக்கம். இங்கே மாரியம்மன் நோன்பில் விடிய விடிய உருமியும் பம்பையும் முழங்குகின்றன. அதற்கு ஒரு பத்தி கிடையாது. வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதன் பிறகாவது ஒரு கட்டுரை வரும் என்று காத்திருந்தேன். நானே இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. 2025இல் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. அந்த ராத்திரிகளில் எங்கள் தெருவில் பலருக்குத் தூக்கம் வரவில்லை. சத்தம் இல்லாததுதான் காரணம். அப்போதும் தங்கள் இதழில் ஒரு வரி இல்லை. இப்போது மட்டும் ஓர் ஆல்பத்தைத் திட்டுவதற்குத் தறி தேவைப்பட்டிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். இவ்வளவு வருத்தத்தோடு இதழை மூடி வைத்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வில்லலோபோஸை ‘ஜெர்மனியில் பிறந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 1970இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிறந்தவர். 1973இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் குடும்பம் ஜெர்மனிக்குப் போனது. அடுத்த இதழில் அந்தத் திருத்தத்தை, விமர்சனம் வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சோமனூர்