யாருடைய கோப்பை

ஆரையம்பதி,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சி,

சுகம்தானே? உன் வீட்டுக்காரரின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதி. மருந்துத் துளி விடும் நேரம் தவறாமல் பார்த்துக்கொள். இங்கே மாரி தொடங்கிவிட்டது. வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது, கோழிகள் எல்லாம் விறாந்தையில் ஏறி நிற்கின்றன. முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

போனில் கிழமைக்கு இரண்டு தரம் பேசுகிறோம். ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச்சில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், விட்டுப்போகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முதல் எனக்குச் சீனி ஏறிவிட்டது என்று சொன்னேன் அல்லவா? அந்த நேரம் பேராதனையில் படிக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். போசாக்குத்தான் அவளுடைய படிப்பு. “மாமி, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டாள். “காலையில் இரண்டு இடியப்பம், மத்தியானம் கொஞ்சம் சோறு” என்றேன். “கொஞ்சம் என்றால்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை மச்சி. கிளினிக் வேலையில் இருந்தபோது தாய்மாரிடம் வீடு வீடாகப் போய் நாம் கேட்ட அதே கேள்வி. கேட்கும் பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு வந்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று விளங்கியது.

சரி, அவள் என் போனை எடுத்து ஒரு வேலை சொல்லித் தந்தாள். வாயில் வைக்கிற எதையும் முதலில் படம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் சோற்றுக் கோப்பையை இன்னொரு படம், மிச்சம் எவ்வளவு என்று தெரிவதற்கு. நேரே மேலே இருந்து எடுக்கக் கூடாது, கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும். மேலே இருந்து எடுத்தால் சோற்றுக் குவியலின் உயரம் தெரியாதாம். பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே நிறக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டையைச் செய்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார்களாம். கட்டத்தின் அளவு கணினிக்குத் தெரியும், அதை வைத்துக் கோப்பையின் அளவைக் கணக்குப் போடும். நிறமும் சரியாகத் தெரியும். என்னிடம் அந்த அட்டை இல்லை, வங்கி அட்டையை வைத்தேன்.

மூன்றாம் நாள் படங்களை வரிசையாகப் பார்த்தோம். நான் ‘கொஞ்சம்’ என்று சொன்ன சோற்றை அவள் அளந்து காட்டினாள். ஒன்று இரண்டு இல்லை மச்சி, தேநீர் குடிக்கிற கப்பால் நாலு கப்! நான் பொய் சொல்லவில்லை. அம்மா வீட்டில் போட்ட அளவுதான் என் கண்ணுக்குக் ‘கொஞ்சம்’.

மனிதர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சொல்லும்போது குறைத்துத்தான் சொல்கிறார்கள், அது எல்லா நாட்டிலும் உள்ளதுதான் என்றாள் மருமகள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தண்ணீரில் உள்ள ஐதரசனிலும் ஒட்சிசனிலும் பாரம் கூடிய வகை ஒன்று உண்டு. கதிர்வீச்சு எதுவும் இல்லாதது. அந்த இரண்டும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். பாரமான ஐதரசன் உடம்பை விட்டுத் தண்ணீராக மட்டும் போகும். பாரமான ஒட்சிசன் தண்ணீராகவும் போகும், மூச்சில் காபனீரொட்சைட்டாகவும் போகும். ஒன்றிரண்டு கிழமை சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், உடம்பு எவ்வளவு சக்தி செலவழித்தது என்று வந்துவிடும். நிறை கூடாமல் குறையாமல் இருக்கிற ஆளுக்குச் செலவழித்ததும் சாப்பிட்டதும் ஒன்றுதானே. மனிதர்களில் இதை 1982இல் முதன்முதல் செய்தார்கள். அப்போதுதான், ஆட்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எவ்வளவு குறைவு என்று வெளிச்சத்துக்கு வந்தது.

போன் படத்தையும் அதே தண்ணீர்ச் சோதனையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். லூசியானாவில் பென்னிங்டன் என்ற ஆய்வு நிலையத்தில், ஆட்கள் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்ப, பழகியவர்கள் அதை அளவு தெரிந்த படங்களோடு வைத்துப் பார்த்துக் கணக்கிட்டார்கள். மறந்து போகாமல் இருக்கப் போனுக்கு நினைவூட்டலும் போய்க்கொண்டே இருந்தது. 2012இல் வெளிவந்த அவர்களுடைய கணக்கு, தண்ணீர்ச் சோதனை காட்டியதைவிடச் சராசரியில் நூற்றுக்கு நாலுகூடக் குறையவில்லை. வாயால் கேட்டு எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த முட்டை வீடு நினைவுக்கு வந்தது. உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. வாவிக் கரைப் பக்கம் ஒரு தாய், வயிற்றில் மூன்றாவது பிள்ளை. “நேற்று என்ன சாப்பிட்ட மகள்?” என்று கேட்டேன். “மீன், கீரை, ஒரு முட்டை” என்றாள். எழுதிக்கொண்டேன். அடுத்த மாதமும் அதே பதில். மூத்த பிள்ளை பக்கத்தில் நின்றது. “எங்கட வீட்டுல முட்ட இல்ல மிஸ்” என்றது. தாய் குனிந்துவிட்டாள். நான் பேனையை மூடிவிட்டு வேறு கதை பேசினேன். கிளினிக்கில் நாம் ஒட்டியிருந்த படத்தில் மீன், கீரை, முட்டை என்றுதான் இருந்தது. அவள் அதை அப்படியே ஒப்புவித்திருக்கிறாள், நாம் ஏசக் கூடாது என்று. என் பதிவுப் புத்தகங்களில் அப்படி எத்தனை முட்டை இருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

ஆனால் கமராவுக்கும் தெரியாதது நிறைய இருக்கிறது. சீனி போட்ட பிளேன்டியும் போடாத பிளேன்டியும் படத்தில் ஒன்றுதான். பாலாணக் கறியில் முதற்பால் எவ்வளவு விட்டோம், தண்ணிப்பால் எவ்வளவு விட்டோம் என்று தெரியாது. கத்தரிக்காய் பொரித்த எண்ணெய் தெரியாது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று தமிழர், முஸ்லிம்கள் என்ற நம் இரண்டு பக்கத்தையும் சொல்வார்களே, அந்தப் பிட்டுக்குள் எத்தனை பிடி தேங்காய்ப்பூ என்பதையும் எந்தப் படமும் காட்டாது. மருமகள் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். படத்தைப் பார்த்து இன்ன சாப்பாடு, இத்தனை கலோரி என்று தானாகவே சொல்லும். என் குழல் பிட்டைக் கேக் என்றது. குறிஞ்சா இலைச் சுண்டலைச் சலாது என்றது.

அதற்கும் காரணம் உண்டு. கணினி தானாக ஒன்றையும் அறியாது, நாம் காட்டிய படத்தில் இருந்துதான் படிக்கும். 2014இல் சுவிற்சர்லாந்தில் ஒரு பெரிய படத்தொகுதி செய்தார்கள். 101 சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் படம். உலகமெங்கும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் பீட்சா இருக்கிறது, சுஷி இருக்கிறது, சமோசாவும் கோழிக்கறியும்கூட இருக்கின்றன. இடியப்பம் இல்லை, பிட்டு இல்லை, சொதி இல்லை. நம் பிள்ளைகள் யாராவது ஏறாவூர் முதல் பொத்துவில் வரை வீடுகளில் சமைக்கிறதைப் படம் எடுத்து, நிறுத்து அளந்து, பெயர் எழுதி ஒரு தொகுதி செய்ய வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன். உண்மையாகவே செய்ய வேண்டிய வேலை அது. வெறும் ‘கீரை’ என்று எழுதினால் போதாது. முருங்கையிலை வேறு, பொன்னாங்காணி வேறு, முசுட்டை வேறு. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அப்புறம் சஹன், பல பேர் சேர்ந்து சாப்பிடுகிற உங்கள் பெரிய தட்டு. 1989இல் உன் நானாவின் கலியாணத்துக்கு நிந்தவூருக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? பெண்கள் பக்கம் ஐந்து பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் முதல் தடவை அப்படிச் சாப்பிடுகிறேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் உம்மா என் பக்கத்தில் இருந்து, இறைச்சித் துண்டுகளை விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தா. தான் வெறும் சோற்றையும் கத்தரிக்காயையும்தான் சாப்பிட்டா. அந்தச் சஹனை முன்னும் பின்னும் படம் எடுத்திருந்தால் ஐந்தால் பிரித்து ஆளுக்கு இத்தனை துண்டு இறைச்சி என்று கணக்கு வந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒன்றுக்காக.

பின் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, தலைப்பிள்ளைத்தாய்ச்சி, ஏழாம் மாதம். புருஷன் ஆற்றில் வலை போடுகிறவன். மாமி, மச்சான்மார் எல்லாரும் ஒரே வீடு. அவளுக்கு ஹீமோகுளோபின் 10.8 இருந்தது 9.6க்கு இறங்கிவிட்டது. 11க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை என்று எழுதுவோமே. இரும்புச்சத்து வில்லை ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறாள். எனக்கு ஓய்வு கிடைத்து நாலு வருடம், ஆனாலும் ஊரில் இன்னும் ‘மிஸ்’தானே, என்னிடம் வந்து அழுதாள். “அழாத, ஒரு கிழமைக்குச் சாப்பாட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு” என்றேன். முதலில் அவளுடைய கமராவில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளையின் குசினி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியத் தேவையில்லை. பின்னால் தெரியும் தகரமும் அடுப்பும் வெட்கமாக இருந்தால் கோப்பையை வாசலில் வைத்து எடு என்றும் சொன்னேன்.

படங்கள் வந்தன. முதல் நாளே ஒன்று பிடிபட்டது. கோப்பைக்குப் பின்னால், மூலையில், ஒரு கிளாஸ் பிளேன்டி. சோற்றோடு சோறாகக் குடிக்கிறாள், வில்லையையும் அதோடுதான் விழுங்குகிறாள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது என்று நாம் எத்தனை தரம் சொல்லியிருப்போம். நான் கேட்டிருந்தால் அவள் தேத்தண்ணியைச் சொல்லியே இருக்கமாட்டாள், அதை யார் சாப்பாடு என்று நினைக்கிறார்கள்?

ஆனால் கோப்பையைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நல்ல குவியலாகச் சோறு, பெரிய மீன் துண்டு, முருங்கையிலைச் சுண்டல், பருப்பு. நாலு நாளும் அப்படித்தான். இதைச் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஏன் இரத்தம் இறங்குகிறது? திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு எடுக்கிற படம் ஒன்றுகூட வரவில்லை. பின்னேரம் நடந்து போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

“அது அவருக்குப் போட்ட சோறு மிஸ். நான் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டிக்குள்ளயே போட்டுப் பிசைஞ்சி சாப்பிட்டுருவன். அதுல படம் எடுக்க என்ன இருக்கு?”

என்னை ஏமாற்ற அவள் அப்படிச் செய்யவில்லை மச்சி. கோப்பையைப் படம் எடு என்று நான்தான் சொன்னேன். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு கோப்பை இல்லை. கறிச்சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பு, அடியில் கிடக்கும் சோறு, மீன் முடிந்திருந்தால் ஒரு துண்டு கருவாடு. அதை நின்றபடியே, அடுப்படியில், நாலு வாயில் முடித்துவிடுவாள். என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டா. அம்மா கோப்பையில் போட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவிலும் இதைத்தானே பார்த்தோம். 750 கிராம் பைக்கற் மாதம் இரண்டு, தாய்க்கென்று கொடுத்தோம். வீட்டில் உருண்டை பிடித்து எல்லாரும் தின்றார்கள். நம் கணக்கில் தாய்க்குக் கொடுத்தது என்று இருந்தது. 2022இல் அரிசி விலை ஏறியபோது எந்த வீட்டில் யார் முதலில் சாப்பாட்டைக் குறைத்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மாமியோடு சண்டை பிடிக்கப் போகவில்லை. கடையில் ஒரு பீங்கான் வாங்கினேன், பூப் போட்டது. அதைக் கொண்டுபோய் மாமியின் கையிலேயே கொடுத்து, “கிளினிக் வேலைக்காகப் படம் எடுக்கிறோம் அக்கா, இதில் முதலில் இவளுக்குப் போட்டு, நீங்களே படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும்” என்றேன். போன் பிடிக்க அவவுக்குத் தெரியாது, இரண்டு நாள் பழக்கினேன். இப்போது ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்குப் படம் வருகிறது. முதல் கிழமை விரல்தான் பாதிப் படத்தில் இருந்தது. மூன்றாம் கிழமையில் இருந்து மீன் துண்டு பெரிதாகிக்கொண்டு வருகிறது. போன வெள்ளி கோப்பையில் ஒரு பாதித் தேசிக்காயும் இருந்தது, நான் சொல்லாமலே. தேத்தண்ணியைப் பின்னேரத்துக்கு மாற்றியாயிற்று. அடுத்த கிழமை இரத்தம் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் உனக்குச் சொல்கிறேன். எத்தனை வரும் என்று எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது.

மருமகளிடம் போனில் சொன்னேன், உங்கள் படிப்பில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள், இது யாருக்குப் போட்டது, யார் சாப்பிட்டது என்று. எழுதிக்கொண்டாள்.

என் சீனியும் இறங்கியிருக்கிறது. சோறு இரண்டு கப், சுண்டல் இரண்டு மடங்கு. காலையில் கல்லடிப் பழைய பாலம் வரை மகன் கொண்டுபோய் விடுகிறான், முழங்கால் விட்ட அளவுக்கு நடக்கிறேன்.

உன் வீட்டுக்காரரின் சாப்பாட்டையும் படம் எடுத்து வைக்கலாம், கண் டொக்டர் சீனியைக் கட்டுப்படுத்தச் சொன்னார் என்றாய். ஆனால் அதை எனக்கு அனுப்ப வேண்டாம். நாளை மத்தியானம் நீ சாப்பிட உட்காரும்போது உன் கோப்பையைப் படம் எடுத்து அனுப்பு. எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று போன் காட்டும்.

உன் மச்சி