வெண்கட்டி உப்பா, பனிக்கட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய செய்தி வந்தாலே 'தண்ணீர் கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடுகிறார்கள். அதைப் படிக்கும் பிள்ளைகள் அங்கே குளம் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 2008இல் நாசாவின் பீனிக்ஸ் என்னும் தரையிறங்கு கலம் தொட்டது மண்ணுக்கடியில் உறைந்து கிடந்த பனிக்கட்டியை. அது பனிக்கட்டிதான் என்று தெரிந்துகொண்ட விதத்தையும் செய்தியில் சேர்த்து எழுத வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அந்தக் கலம் மே 25 அன்று செவ்வாயின் வட அகலக்கோடு 68 பாகைக்கு அருகே இறங்கியது. அதன் 2.35 மீற்றர் நீளக் கை சில சென்ரிமீற்றர் தோண்டியதுமே குழியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்பளம் பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளை அதை உப்பு என்றுதான் சொல்லும். விஞ்ஞானிகளுக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஜூன் 15இல் குழியில் கிடந்த தாயக்கட்டை அளவு வெண்கட்டிகள் நாலு நாளில் காணாமற் போயின. உப்பு அப்படி மறையாது. உறைந்த காபனீரொட்சைட்டாகவும் இருக்க முடியாது. அது அங்கே உறைய ஏறக்குறைய −125 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும், அந்தக் கோடையில் இரவிலும் −80 அளவுதான்.

மீன்பெட்டி ஐஸை வெயிலில் வைத்தால் உருகிப் பலகை நனையும். அங்கே ஈரமே தெரியவில்லை. காற்றமுக்கம் நம் கடற்கரையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பகலிலும் சுமார் −30 பாகை. அதனால் கட்டி நேரே ஆவியாகிறது. பாடத்தில் படிக்கும் பதங்கமாதல் இதுதான், அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை கரைவதைப் போல.

அதைக் கலத்திலிருந்த சிறிய அடுப்பில் போட்டுச் சூடாக்கிச் சோதிப்பதுதான் பெரும்பாடாயிற்று. முதலில் எடுத்த மண் கட்டிபட்டு அடுப்பு வாயின் வலையில் அடைத்துக்கொண்டது. வலையைப் பல நாள் அதிரவைத்த பின்பே, ஜூன் 11இல், உள்ளே இறங்கியது. அடியிலிருந்த பனிமண்ணோ கொங்கிறீற்றைப் போல இறுகியிருந்தது. கையின் நுனியிலுள்ள அகப்பையின் பின்புறமிருந்த சுழலும் அரத்தால் சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததும் அகப்பையிலேயே ஒட்டிக்கொண்டது, கவிழ்த்தாலும் விழவில்லை. இரண்டு தடவை தோற்ற பிறகு, சற்று உலர்ந்திருந்த மண்தான் உள்ளே போனது. அதைச் சூடாக்கியபோது நீராவி வந்ததை ஜூலை 31இல் நாசா அறிவித்தது.

பிள்ளையின் ஊகமும் முழுப் பிழையல்ல. அதே கலத்தின் ஈர இரசாயனக் கருவி மண்ணில் சுமார் அரை சதவீதம் பெர்குளோரேற்று உப்பு இருப்பதைக் கண்டது. மக்னீசியம் பெர்குளோரேற்றின் செறிந்த கரைசல் −50 பாகையிலும் உறையாது. செவ்வாயில் திரவ நீர் பற்றிய விவாதம் இந்த உப்புநீரைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த விவாதம் தீரும்வரை 'தண்ணீர்' என்னும் இடத்தில் 'நீர்ப்பனி' என்று அச்சிடுங்கள்.

விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.