கோரிக்கை மனு: முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடப்பதை நிறுத்தித் தனி அறை தரக் கோருதல்

பெறுநர்:
உயர்திரு தமிழ்ப்பள்ளிகள் அமைப்பாளர் அவர்கள்,
கல்வி இலாகா.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி தங்களுக்குப் புதிய இடமன்று. செம்பனை எண்ணெய் ஆலையைத் தாண்டி, மாரியம்மன் கோயில் முனையில் செம்மண் சாலைக்குத் திரும்பினால் இடப்பக்கம் இருக்கும் பள்ளிதான். முன்பொருமுறை விளையாட்டுப் போட்டிக்குத் தாங்களே வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கினீர்கள். அன்று தாங்கள் அமர்ந்திருந்த மண்டபமே இன்று இரண்டு வகுப்பறைகளாக இருக்கிறது. இது குறித்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் மலாய்மொழியில் மூன்று கடிதங்கள் எழுதி, தபாலை நம்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுத்தோம். முத்திரையிட்ட நகல்கள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. பதில் ஒன்றும் இதுவரை வரவில்லை. இந்த நான்காவது மனுவைத் தமிழில் எழுதுவதன் காரணம், கையொப்பமிடும் பெற்றோர் ஒவ்வொருவரும் தாம் கேட்பது என்னவென்று தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதாகும். மலாய்மொழி நகலையும் இணைத்துள்ளோம்.

1. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் உள்ள பலகைக் கட்டடத்தின் உத்திரங்களைக் கறையான் அரித்திருந்ததால், புயற்காற்று அடித்த மறுவாரம் அதிகாரிகள் வந்து பார்த்து அதைப் பூட்டினார்கள். அது சரியான முடிவு. எங்களுக்கு அதில் குறையில்லை. அங்கிருந்த இரண்டு வகுப்புகளும் இரண்டு வாரங்களுக்கு மட்டும் என்று சொல்லி மண்டபத்திற்கு மாற்றப்பட்டன. இன்றோடு பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

2. மண்டபத்தின் ஒரு பாதியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 9 பேர், மறுபாதியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 13 பேர். நடுவில் இரண்டு இரும்பு அலமாரிகளும் ஓர் அறிவிப்புப் பலகையும் நிற்கின்றன. மேலே சிங்க் தகட்டுக் கூரை. கூடுதல் உணவுத் திட்டத்தின் சாப்பாடும் இதே மண்டபத்தில்தான் என்பதால், அந்த நேரம் வந்ததும் புத்தகங்களை ஒதுக்கி, மேசைகளைத் துடைத்து, உண்டு முடித்தபின் மறுபடியும் வகுப்பாக்க வேண்டும்.

3. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. பொறுக்க முடியாத ஒன்றைச் சொல்லவே இம்மனு. முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை செய்ய வேண்டிய பெரிய வேலை, எழுத்தின் ஒலியைக் காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதுவது. நாவின் விளிம்பு மேற்பல்லின் அடியில் ஒற்றினால் லகரம், அண்ணத்தை வருடினால் ளகரம், நுனிநா அண்ணத்தை வருடினால் ழகரம். இதை ஆசிரியை வாயைத் திறந்து காட்டி, ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லச்சொல்லி, தவறினால் திருத்தித்தான் பழக்க முடியும். அதற்கு அந்தப் பிள்ளையின் குரல் ஆசிரியைக்கும் ஆசிரியையின் குரல் அந்தப் பிள்ளைக்கும் கேட்க வேண்டும். எங்கள் மண்டபத்திலோ, ஆசிரியை "பள்ளி, பல்லி" என்று அட்டையைக் காட்டும் அதே நேரத்தில் அலமாரிக்கு அப்பால் பதின்மூன்று பிள்ளைகள் ஏழாம் வாய்பாட்டைச் சேர்ந்து ஒப்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மூன்றாம் ஆண்டில் வாய்பாட்டை உரக்கச் சொல்லாமல் வேறு எப்போது சொல்வார்கள்? அவர்களுடைய ஆசிரியர் மெல்லச் சொல்லச் சொன்னால் அவர்களுக்குப் பாடம் ஏறுவதில்லை. உரக்கச் சொல்லவிட்டால் இந்த ஒன்பது பேரும் ஆசிரியையின் உதட்டைப் பார்த்து ஊகித்து எழுதுகிறார்கள். என் மகள் முதலாம் ஆண்டில் படிக்கிறாள். சொல்வதை எழுதும் பயிற்சியில் "நான் பள்ளிக்குப் போனேன்" என்பதை "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் நான் சொல்லிக்கொடுத்தபோது, "டீச்சர் இப்படித்தான் சொன்ன மாதிரி இருந்துச்சும்மா" என்றாள். அவள்மேலும் பிழையில்லை, ஆசிரியைமேலும் பிழையில்லை.

வீட்டிலேயே திருத்தக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பொழுதெல்லாம் செம்பனைப் பழம் வெட்டும் நாங்கள், அந்தப் பழத்தையே "பளம்" என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையை மறைப்பதில் பயனில்லை. பிள்ளைகள் கடையிலும் சாலையிலும் கேட்கும் மலாய்மொழியில் லகரம் ஒன்றுதான் உண்டு. ஆகவே இந்த மூன்று ஒலிகளும் மூன்று என்று எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்வதற்குத் தோட்டத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த முதலாம் ஆண்டு வகுப்பு. அதையும் கேட்கவிடாமல் செய்துவிட்டால் அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? ஆசிரியைக்கு இந்தப் பதினான்கு மாதத்தில் இரண்டு முறை தொண்டை கட்டி, மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. மழை பன்னிரண்டு மணிக்கே இறங்கிவிடும் நாள்களில் கூரைச் சத்தத்தில் இரண்டு வகுப்புமே நின்றுவிடும். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

4. ஆறாம் ஆண்டில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளையின் தேர்ச்சியை வகுப்பறை மதிப்பீடுதான் பெரும்பாலும் காட்டுகிறது. ஆசிரியர் அன்றாடம் கேட்டும் பார்த்தும் 1 முதல் 6 வரை அடைவுநிலை இடுகிறார். கேட்டல், பேச்சுத் திறனுக்கும் அவ்வாறே. கேட்க முடியாத இடத்தில் கேட்டல் திறனுக்கு என்ன நிலை இடுவது? சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் முதலாம் ஆண்டை முடித்தவர்கள் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்கள். அவர்களுள் நால்வர் குறைநீக்கல் வகுப்புக்குப் போகிறார்கள். அந்த ஓர் ஆண்டை அவர்களுக்கு இனி யார் திருப்பித் தருவார்?

5. மூன்றாவது கடிதத்தைக் கொடுக்கப் போனபோது, "ஒன்பது பேர்தானே" என்று எங்களிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் யார் என்று எழுத விரும்பவில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. 150 பேருக்கும் குறைவான பள்ளி குறைந்த மாணவர் பள்ளி என்பது எங்களுக்குத் தெரியும்; ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்ததால் வந்த குறைவு அது; பிள்ளைகள் செய்த குற்றமன்று. வெள்ளைக்காரர் காலத்தில், 1923இல் வந்த தொழிலாளர் சட்டமே, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. நூறாண்டு கழித்து, ஒரு வகுப்பில் ஒன்பது பேர் இருப்பதைக் காட்டி அவர்களுக்குச் சுவர்கூட இல்லை என்பது எந்த நியாயம் ஐயா? ஒன்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன.

6. கோபத்தில் எழுதிவிட்டால் மன்னியுங்கள். கட்டடத்தைப் பழுதுபார்க்க நிதி வேண்டும், நிதிக்குக் காலம் வேண்டும் என்பதை அறிவோம். அதற்காகவே முதல் கடிதத்திலிருந்து ஒரு வழியைச் சொல்லிவருகிறோம். பள்ளி வேலிக்கு அடுத்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த பழைய ஆயாக்கொட்டகை இப்போது பயன்படாமல் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் அதைத் தருவதாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளது. கூரைத் தகடு மாற்றவும், சுண்ணாம்பு அடிக்கவும், மின்விசிறி மாட்டவும் நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டாகச் சேர்ந்து கூலியில்லா வேலை, செய்யத் தயாராக இருக்கிறோம். பலகைக்கும் ஆணிக்கும் பணம் திரட்டிவிட்டோம். அது கூடாதென்றால், மண்டபத்தின் நடுவே கூரைவரை பிளைவூட் தடுப்பு வைக்கவாவது விடுங்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க இயலாது என்கிறார் தலைமையாசிரியர். அவர் சொல்வதும் முறைதான். ஆகவே நாங்கள் இப்போது தங்களிடம் பணம் கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. ஒரு தாளில் ஒரு கையொப்பம் கேட்கிறோம். பதினான்கு மாதமாக அதைத்தான் கேட்கிறோம்.

7. அந்த அனுமதிக் கடிதத்தை இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் தந்து, பலகைக் கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ கேபின் வகுப்பறை அமைக்கவோ மேலிடத்துக்குப் பரிந்துரைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். எழுதியதில் ஐயம் இருந்தால் தாங்களே ஒருமுறை வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். மேளமும் மாலையும் வேண்டாம். புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு முதலாம் ஆண்டுக்குத் தமிழும் மூன்றாம் ஆண்டுக்குக் கணிதமும் ஒருசேர நடக்கும். முதலாம் ஆண்டுப் பக்கத்தில், கடைசி நாற்காலியில் அரைமணி நேரம் அமர்ந்து, ஆசிரியை சொல்லும் சொற்களைத் தாங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்,
முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர்.

இணைப்பு: முந்தைய மூன்று கடிதங்களின் முத்திரையிட்ட நகல்கள், தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம், பெற்றோர் கையொப்பங்கள், மலாய்மொழி நகல்.