ஃபுகுதாவின் பெயரையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜூடோ பிறந்த கதையை ஒரே மூச்சில் படித்தேன். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவைப் பற்றி நிறைவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருடைய முதல் ஆசானை ‘ஒரு முதியவர்’ என்று ஒற்றை வரியில் தாண்டிவிட்டீர்கள். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த வரி மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்குப் பெயர் உண்டு: ஃபுகுதா ஹாச்சினோசுகே. அப்படி முதியவரும் இல்லை. இறந்தபோதே ஐம்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தார்.

அன்று ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களின் பயிற்சிக்கூடம் கோபுஷோ. அங்கே ஜூடோவுக்கு மூலமான ஜுஜுத்சு என்ற மல்லுக்கலையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தென்ஜின் ஷின்யோ என்ற ஜுஜுத்சு மரபைச் சேர்ந்தவர். 1868-இல் ஷோகன் ஆட்சி போனது. 1876-இல் வாள் ஏந்திப் போகவும் தடை வந்தது. அப்புறம் ஜுஜுத்சு யாருக்கு வேண்டும்? ஆசான்கள் பலருக்குச் சோறு போட்டது அவர்கள் கையிலிருந்த இன்னொரு தொழில்தான்: பிசகிய மூட்டைப் பொருத்துவது, முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவது. எந்தப் பக்கம் திருகினால் தோள் நழுவும் என்று தெரிந்த கைக்கு, அதை எப்படித் திரும்ப உட்காரவைப்பது என்பதும் தெரியும். கழுத்து நெரிபட்டு மயங்கியவனை எழுப்பும் முறையும் பயிற்சியோடு சேர்ந்தே வந்தது.

1877-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ குள்ளம், ஒல்லி. முன்பு படித்த இடத்தில் முரட்டுப் பையன்களிடம் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. ஜுஜுத்சு கற்க ஆளைத் தேடியவர், எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து அலைந்தார். அப்படி அகப்பட்ட யாகி தெய்னோசுகே என்ற வைத்தியர்தான் அவரை நிஹோன்பாஷியில் இருந்த ஃபுகுதாவிடம் அனுப்பிவைத்தார். வைத்தியமும் பயிற்சியும் ஒரே சின்ன வீட்டில். தினமும் வரும் மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கானோ பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவத்தை என் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். ஃபுகுதா ஒரு பிடியில் அவரைத் தூக்கி வீசினார். எழுந்த கானோ, கையை எங்கே வைப்பது, காலை எப்படி எடுப்பது என்று கேட்டார். பதிலாக இன்னொரு வீச்சு. மறுபடி கேட்டார், மறுபடி வீச்சு. கேட்டுத் தெரிகிற விஷயமில்லை, எண்ணிக்கை ஏற ஏறத் தானே வரும் என்றுதான் ஆசான் கடைசியில் சொன்னார். உடம்பெல்லாம் பற்றுப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போவாராம் கானோ. முதல் மாதம் என்னிடம் வரும் பிள்ளைகளின் முழங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பற்று எனக்கு ஞாபகம் வரும்.

1879-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் டோக்கியோ வந்தபோது, தொழிலதிபர் ஷிபுசாவா எயிச்சியின் மாளிகையில் அவர் முன் ஜுஜுத்சு செய்துகாட்டிய ஆசான்களில் ஃபுகுதாவும் ஒருவர். மாணவராகக் கானோவும் அங்கே இறங்கினார். அதே ஆண்டில் ஃபுகுதா காலமானார். அவருடைய குடும்பம் மரபுச் சுவடிகளைக் கொடுத்துப் பயிற்சிக்கூடத்தையும் ஏற்கச் சொன்னது, வந்து இரண்டே வருடமான இந்த இளைஞனிடம்தான். கானோ வேறு இரண்டு ஆசான்களிடமும் பயின்று 1882-இல் கோதோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அந்தக் கதை உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது.

அதில் விட்டுப்போன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய மருத்துவத்துக்கே இடம் என்று, ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு முடிவெடுத்ததால் எலும்பு வைத்தியர்கள் ஒதுக்கப்பட்டார்கள். ஜுஜுத்சு ஆசான்கள் பல வருடம் போராடித்தான் 1920-இல் அந்தத் தொழிலுக்கு அங்கீகாரம் பெற்றார்கள். 1970-இல் தனிச் சட்டமே வந்தது. இன்று ஜப்பானில் அவர்களுக்குப் பெயர் ‘ஜூடோ செய்ஃபுகுஷி’. தேசியத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். சுளுக்கு, அடிபட்ட வீக்கமெல்லாம் அவர்களே பார்க்கலாம். முறிவையும் மூட்டு நழுவலையும் அவசர முதலுதவி தவிர மருத்துவர் சம்மதமில்லாமல் தொடக்கூடாது. வைத்தியர் வீட்டில் கானோ படித்த கலை வளர்ந்து, அந்த வைத்தியத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கிறது.

கானோ அந்நாளில் உடுத்திய பயிற்சி உடுப்பை டோக்கியோ கோதோகான் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தைத்துத் தைத்துக் கந்தலான உடுப்பு. அடுத்த முறை கானோவைப் பற்றி எழுதும்போது, அதைக் கிழித்த மனிதரின் பெயரையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜூடோ பயிற்சியாளர் ஒருவர்,
சேலம்