வலிக்கு ஊசி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா என்று பரவிவிட்டது. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். ஏழு மாதம் மாத்திரையிலேயே ஓடியது, நடுவில் இடுப்புக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், இடுப்பு வலி அடங்கியது, ஆனால் விலாவும் முதுகும் அவரைப் படுக்கவிடவில்லை. இப்படிப் பல இடத்தில் வலிப்பவர்களுக்கென்றே ஓர் ஊசி இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னது டாக்டர் இல்லை, ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலூர்க்காரர்.

சமாரியம்-153 என்று பெயர். நரம்பில் ஒரே ஊசி. எலும்பைப் புற்று அரிக்கும் இடங்களில் உடம்பு புது எலும்பு கட்டப் பாடுபடுமாம், மருந்து அந்த இடங்களாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் கதிர்வீசுகிறது. எலும்பு ஸ்கேனில் கறுத்துத் தெரியும் இடங்கள்தான் மருந்து போகும் இடங்கள், அதனால் ஸ்கேன் பார்க்காமல் போடமாட்டார்கள். 46 மணி நேரத்தில் வீரியம் பாதியாகிவிடும். வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது, மருந்து வரும் நாளில் நாம் போய் நிற்க வேண்டும்.

'அணு ஊசியா, வீட்டில் பிள்ளைகள் இருக்கே' என்று அத்தை பயந்தார். உடம்பில் தங்காத மருந்து முதல் நாளிலேயே சிறுநீரில் போய்விடும், உட்கார்ந்து போய் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார்கள். கழிப்பறை இருந்தும் கொல்லைக்குப் போகிற மனுஷனை அதில் உட்காரவைத்ததுதான் எங்களுக்குப் பெரும்பாடு! முதல் மூன்று நாள் வலி கொஞ்சம் கூடியது, கூடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பத்தாவது நாள் ராத்திரி அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கினார். அந்தத் தூக்கம் நாலு மாதம் கிடைத்தது.

இது நோயைக் குணமாக்காது. எல்லாருக்கும் கேட்கும் என்றும் இல்லை. தண்டுவடம் நசுங்கிக் கால் மரத்தவர்களுக்கு இது வைத்தியமே அல்ல, அவர்களுக்கு அவசரமாக வேறு செய்ய வேண்டும். ஊசிக்குப் பிறகு வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் சில வாரம் குறையும், ஆகவே ரத்தத்தில் முதலிலேயே போதுமான அளவு இருக்க வேண்டும். எங்களுக்கு வழிகாட்டிய மேலூர்க்காரரையே, பல சுற்று கீமோவுக்கு அப்புறம் தட்டணு போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பே சொல்லியிருந்தால் அவருக்கும் போட்டிருக்கலாமோ என்னவோ.

ஆகவே மதுரைப் பக்கம் புற்றுநோய் பார்க்கும் டாக்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்கேனில் எலும்பில் பல இடம் என்று வந்த அன்றைக்கே, இந்த ஊசி போடும் அணு மருத்துவப் பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். செலவு கட்டுப்படியாகுமா, போடலாமா வேண்டாமா என்பதை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகன், உசிலம்பட்டி