தம் கட்டச் சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு

நேற்று அம்மாவுக்கு 30ஆவது கரண்ட்டும், அதாவது கதிர்ச் சிகிச்சையும், பிடித்து முடிந்தது. இரவோடு இரவாகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். இப்போது வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நன்றி மட்டும் சொல்லவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, கண்டியில் கரண்ட் பிடித்த அந்தச் சிங்கள மிஸ்ஸுக்கு.

அம்மாவுக்குக் கட்டி நுரையீரலின் அடிப்பக்கம். மூச்சோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். அந்த இடத்துக் கட்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்கூட நகருமாம். நகருகிற இடமெல்லாம் படும்படி கதிரை அகலமாக விட்டால் நல்ல நுரையீரலும் சேர்ந்து பாதிக்கப்படும். அதனால் நன்றாக மூச்சை இழுத்து 20 செக்கன் அப்படியே வைத்திருக்க வேண்டும். வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதைப் பார்க்க ஒரு கமெரா. மூச்சு சரியான உயரத்தில் நிற்கும்போது மட்டும்தான் மிஷின் கதிர் விடும்.

பயிற்சி நாளில் "ஹுஸ்ம அல்லகன்ன" என்றார்கள். அம்மாவின் சிங்களம் கடைவீதிக்கு மட்டும்தான் காணும். தமிழில் எப்படிச் சொல்வது என்று மிஸ் என்னைக் கேட்டார். "மூச்சை நிப்பாட்டுங்க" என்றேன். அம்மா அழுதுவிட்டார். மூச்சு நின்றது என்று எங்கள் லயத்து வீடுகளில் எப்போது சொல்வோம்? "அடக்குங்க" என்று மாற்றினேன். அதுவும் அடக்கத்தைத்தான் ஞாபகப்படுத்தியது.

வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். மிஸ் அவசரப்படவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, மலையில் பாரம் தூக்கும்போது என்ன செய்வார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கொழுந்து மூட்டைய தூக்கணும்னா தம் கட்டித்தானே தூக்கணும்" என்றார் அம்மா.

மிஸ் அதைச் சிங்கள எழுத்தில் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். "தம் கட்டுங்க அம்மா." திரையில் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு ஆடாமல் நின்றது. அதன் பிறகு ஒரு நாளும் அம்மா பயப்படவில்லை. மிஸ் லீவு எடுத்த நாளில் நின்ற தம்பியும் "தம் கட்டுங்க" என்றுதான் சொன்னார். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்றே அம்மா இத்தனை வருடம் இருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், மிஸ். நான்கூடக் கேட்டதில்லை. இதைச் சிங்களத்திலும் எழுதி உங்களுக்குக் கொண்டுவந்து தருவேன்.

சம்பளத்தன்று வீடு வீடாகக் காசு சேர்த்த மேல் லயத்து, கீழ் லயத்து ஆட்கள், விடியற்காலை 3 மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்த ஆட்டோ தம்பி, கண்டியில் ஆறு கிழமை அறை தந்து வாடகையில் பாதியை வேண்டாம் என்ற வீட்டுக்கார அம்மா, கோயிலில் விளக்குப் போட்டவர்கள், இஸ்தோப்பில் அம்மாவோடு சேர்ந்து இருபது வரை எண்ணிப் பழக்கிய பிள்ளைகள், டொக்டர்மார் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தோட்டத்து ஆட்களுக்காக ஒரு அட்டை எழுதிக் கொண்டுபோகிறேன், தமிழ்ச் சொற்கள், சிங்கள எழுத்தில். தம் கட்டுங்க, விடுங்க, ஆடாம இருங்க என்று மூன்று எழுதி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியதும் அம்மா இன்னொன்றும் போடச் சொன்னார்: "முடிஞ்சிருச்சு, எழும்புங்க."